பதவி உயர்வுக்கு வளர்த்த தாடி

சீருடையில் இல்லாத போலீஸ்காரர் உங்கள் அடையாள அட்டையை, அதுதான் ஐ.சி.யை, கேட்டால், முதலில் அவர் தன் அதிகார அட்டையைக் காட்ட வேண்டும். அதன் பிறகு நீங்கள் காட்ட வேண்டும். விதி இவ்வளவுதான்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை படித்துவிட்டேன். அதில் தாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோலின் நிறத்தைப் பற்றியும் இல்லை.

என் மாப்பிள்ளை தனபாலனிடம் இரண்டும் தாராளமாக இருக்கின்றன.

பெஸ்தாரி ஜெயா பக்கம் வீடு. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட். இந்த வருடம் சூப்பர்வைசர் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருக்கிறது. அது கைகூட வேண்டுமென்று தைப்பூசத்துக்குக் காவடி வேண்டிக்கொண்டு, விரதம் இருந்து, தாடியும் வளர்த்தார். தாடி வளர வளர... செம்பனைத் தோட்டச் சந்திப்பில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் இரண்டு பேர் அவரை நிறுத்துவதும் வளர்ந்தது. ஒரு மாதத்தில் மூன்று லேட் என்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இரண்டு ஆகிவிட்டது.

ஆக, பதவி உயர்வுக்காகத் தாடி. தாடியால் லேட். லேட்டால் பதவி உயர்வு போகும். முருகனே படித்துப் பார்த்தாலும் தலை சுற்றும் கோப்பு இது.

"பேசாம எடுத்துருங்களேன்" என்றாள் என் மகள்.

"முருகனுக்கு வளர்த்தத போலீசுக்கு எடுக்கச் சொல்றியா?" என்றார் மாப்பிள்ளை.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நானோ அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக, எங்கள் பேச்சில் கிராணியாக, இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் பொதுமக்கள் புகார்களுக்குப் பதில் எழுதியவன். சும்மா இருக்க முடியுமா? மறுநாள் டை கட்டிக்கொண்டு, கையில் ஒரு கோப்போடு காரின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

"மாமா, நீங்க வாயத் தொறக்காம வந்தா போதும்லா."

"நான் எதுக்கு மாப்ள வாயத் தொறக்கப் போறேன்?"

சந்திப்பு வந்தது. ஜீன்ஸ் போட்ட இளைஞர் கை காட்டினார். அப்போது தனபாலன் செய்ததைப் பார்க்க வேண்டுமே... ஜன்னல் இறங்குகிறது, ரேடியோ அணைகிறது, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், ஐ.சி. ஏற்கெனவே டாஷ்போர்டில், உதட்டில் அளவான சிரிப்பு. எல்லாம் நாலே விநாடி. எங்கள் பிள்ளைகளுக்கு இதை எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித் தருவதில்லை. எல்லாருக்கும் தெரிகிறது.

இளைஞர் ஐ.சி.யைப் பார்த்தார். திருப்பித் தர நீட்டினார். இரண்டே நிமிடம். முடிந்தது என்று நினைத்தீர்களா?

நான் வாயைத் திறந்தேன்.

"என்சிக், உங்க அதிகார அட்டை?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

நீட்டிய கை திரும்பிப் போனது. அட்டையைக் காட்டினார்—குறை சொல்லக்கூடாது, முறையாகக் காட்டினார். நான் பேனாவை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். குறித்ததோடு விடாமல், விதியையும் படித்துக் காட்டினேன்.

"பாக்சிக், லாயரா?" என்றார், பெரியவரிடம் பேசும் மரியாதை குறையாமல்.

"இல்லை. ஓய்வுபெற்ற கிராணி."

"அப்ப நேரம் நிறைய இருக்கு."

இருந்தது. இருக்கைகளைத் தூக்கினார்கள். ஸ்பேர் டயரை உருட்டினார்கள். என் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். பின்னால் காவடிக்கு வாங்கி வைத்திருந்த மயிலிறகுக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு இறகாக உதறிப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தது. அதற்கும் எங்களைத்தான் முறைத்தார்.

2.10க்கு நிறுத்தியவர்கள் 2.52க்கு விட்டார்கள். மூன்றாவது லேட்!

மாப்பிள்ளை இறகுகளைத் திரும்பக் கட்டிவைத்துவிட்டு வண்டியை எடுத்தார். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது, "மாமா, உங்களுக்கு ரூல் தெரியும். எனக்கு அந்த ரோடு தெரியும்" என்றார். கோபம் கூட இல்லை. அதுதான் குத்தியது.

எச்.ஆர். விசாரணைக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்தது. போலீஸ் நிறுத்தியதற்கு எழுத்தில் சான்று கொண்டுவந்தால் பெயர் தங்கும். இல்லையென்றால் இல்லை.

அன்று சாயங்காலமே சான்று கேட்டு போலீஸ் நிலையத்துக்குக் கடிதம் போட்டேன். போட்டுவிட்டு, பழைய சகா ஹாஜி ரம்லியோடு தே தாரிக் குடிக்கப் போனேன். தோட்டத்தில் பிறந்த மலாய்க்காரர் ஹாஜி. தமிழை என்னைவிடச் சத்தமாகப் பேசுவார்.

"திருட்டு நடக்குது, கிராணி. அவன் யாரையாவது நிறுத்தித்தானே ஆகணும்?"

"நிறுத்தட்டும், ஹாஜி. உன்னை எத்தன தடவ நிறுத்தினான்?"

யோசித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடியும் யோசித்தார்.

"அது... நான் ஒழுங்கா ஓட்டுறேன்."

விடுவேனா? மறுநாள் அதே கார், அதே நேரம். ஸ்டியரிங்கில் ஹாஜி, தலையில் சொங்கோக் தொப்பி. பக்கத்தில் தாடியோடு தனபாலன். பின்னால் நான்—வாயில் கர்ச்சீப். ஜீன்ஸ் இளைஞர் குனிந்து பார்த்தார். நெஞ்சில் கைவைத்து ஹாஜிக்கு சலாம் சொன்னார். போகலாம் என்று கையாட்டினார். வண்டியை முழுசாக நிறுத்தக்கூட இல்லை நாங்கள்!

ஹாஜி பின்பக்கக் கண்ணாடியில் சந்திப்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிறகு சொன்னார்: "பதினஞ்சு வருஷமா இந்த ரோட்டுல எனக்கு நேரம் மிச்சமாயிருக்குடா. அது யாரு நேரம்னு இப்பத்தான் தெரியுது."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. விசாரணை முடியும்வரை தானே ஓட்டுவேன் என்று ஹாஜி பிடிவாதம் பிடித்தார். தினமும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், டிரைவர் வைத்த காரில் வேலைக்கு வந்து இறங்கினார்! மூன்றாம் நாள் தொழிற்சாலை காவலாளி சல்யூட் அடித்தாராம். "வெக்கமா இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை. தாடிக்குள் சிரிப்பு தெரிந்தது.

போலீஸ் நிலையத்திலிருந்து மட்டும் பதில் இல்லை. ஒரு நினைவூட்டல். இன்னொரு நினைவூட்டல். தபால்காரர் என்னைக் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பத் தொடங்கினார். நான் பதவியில் இருந்தபோது எத்தனை பேரை இப்படிக் காக்க வைத்தேன் என்று எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் கவலைப்படுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை நடந்தது. பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் கழித்துத்தான் என் மகள் எனக்குச் சோறு போடும்போது சிரித்தாள். அது வேறு விஷயம்.

பதில் வந்ததால்தான் எல்லாம். ஒரே பக்கம். நல்ல முத்திரை. நிறுத்திய நேரம் சரி, விட்ட நேரம் சரி, வண்டி எண் சரி. 'நிறுத்தியதற்கான காரணம்' என்ற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார்கள்.

வந்து சேர்ந்தது வியாழக்கிழமை மாலை, நாலு மணிக்கு.