நைனாவின் ஷெட்டும் மாமாவின் ஆறும்

நைனா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும், லாரித் தொழில் நண்பர்களுக்கும், குப்பத்து உறவுகளுக்கும் மூத்த மகளாக என் வணக்கம். 'எங்கள் அருமைத் தந்தையார்' என்று போடலாமே என்றார் அச்சகத்துக்காரர். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. வாய் பேச வந்த நாளிலிருந்து நைனா என்றுதான் கூப்பிட்டோம். நைனா என்றே எழுதுகிறேன்.

நைனா பிறந்தது மாதவரத்தில். தாத்தா பால் பண்ணையில் மாடு பார்த்தவர். படிப்பு தனக்கு ஏறவில்லை என்பதை நைனா ஏதோ பட்டம் வாங்கியது போலச் சொல்லிக்கொள்வார். மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறினார். மணலிக்கும் துறைமுகத்துக்குமாக ஓடி, டிரைவராகி, இடுப்பு வலி தாங்காமல் இறங்கினார். பிறகுதான் எண்ணூர் போகும் வழியில், கால்வாய் ஓரமாக, லாரி கழுவும் வாட்டர் சர்வீஸ் ஷெட்டைப் போட்டார். நானும் தங்கையும் தம்பியும் வளர்ந்தது அந்த ஷெட்டின் வருமானத்தில்தான்.

அம்மா முகத்துவாரக்குப்பத்துப் பெண். காதல் கல்யாணம். எப்படி என்று கேட்டால் நைனா ஒரு கதை சொல்வார், அம்மா அதை மறுத்து வேறொரு கதை சொல்வார். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஆற்றில் இறால் பிடிப்பவர். முதலில் முறைத்துக்கொண்டு நின்றவர், நான் பிறந்ததும் இறங்கி வந்தார். அதன்பின் வலையில் நன்றாக விழுந்த நாளெல்லாம் தங்கை வீட்டுப் பங்கு என்று இறாலை ஒதுக்கி, சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். நைனாவுக்கு இறால் என்றால் உயிர். அன்றைக்கு மட்டும் ஷெட்டைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வருவார்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஐப்பசி மழை தொடங்கிய சமயம், மாமா இறாலோடு வந்தார். அம்மா குழம்பு வைத்தார். நைனா முதல் வாய் போட்டதும் முகம் கோணியது. தட்டோரம் துப்பினார். டீசல் வாடை. எங்களுக்கும் குமட்டியது. மாமா மட்டும் கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"துப்பாத மாப்ள. அது ஒன் ஷெட்டு ஆயிலு தான். நீ கழுவி வுட்ற, எங்க எறா அதத் துன்னுட்டு கீது."

விஷயம் இதுதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தச் சாலையிலுள்ள லாரியெல்லாம் கழுவ வந்து நிற்கும். வருஷம் முழுக்கச் சேர்ந்த கிரீசும் ஆயிலும் டீசலும் ஒரே நாளில் வடிகாலில் இறங்கும். அது காய்ந்து கிடக்கும்போதே மழை வந்துவிடும். முதல் மழை மொத்தத்தையும் அடித்துக்கொண்டு கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் சேர்க்கும். இறால் நன்றாக விழும் காலமும் அதுவேதான். அந்த வருஷம் மாமாவின் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டே வியாபாரிகள் வேண்டாம் என்று போய்விட்டார்களாம். அந்த இறாலைத்தான் வேண்டுமென்றே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

"நல்ல எறா கெடைக்கிற அன்னிக்கி வரேன். அதுவரிக்கும் இந்த வாசல மிதிக்க மாட்டேன்." சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். சொன்னபடியே நின்றார். என் தங்கைக்கு மஞ்சள் நீர் சுற்றியபோது தாய்மாமன் சீரை மாமாவின் மனைவி, எங்கள் அத்தைதான் எடுத்து வந்தார். மாமா உட்கார வேண்டிய மணையில் தாம்பாளத்தை வைத்துச் சடங்கை முடித்தோம். ஃபோட்டோவில் அம்மா எங்களைப் பார்க்காமல் அந்தத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நைனாவுக்கு முதலில் கோபம்தான். இத்தனை ஃபேக்டரி விடுகிற தண்ணீர் மச்சான் கண்ணுக்குத் தெரியவில்லை, என் ஷெட்டுதான் தெரிந்ததா என்று வருகிற போகிறவரிடமெல்லாம் பொருமினார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் ஒரு மழை நாளில் யாரிடமும் சொல்லாமல் வடிகாலை ஒட்டியே கால்வாய் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இறாலையும் தொடவில்லை. மார்க்கெட்டில் வாங்கலாமே என்றால், மச்சான் கொண்டுவரட்டும் என்பார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நைனா செய்த காரியத்தை எங்கள் தெருவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆயில் கால்வாய்க்குப் போகக் கூடாது, அவ்வளவுதானே என்று மணல் மூட்டைகளை அடுக்கி வடிகாலையே அடைத்துவிட்டார். மழை வந்தது. கால்வாய்க்குப் போகாத தண்ணீர் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் தெருவுக்குள் வந்தது. தீபாவளிக்காக வெள்ளையடித்து, வாசலில் கோலம் போட்டு வைத்திருந்த அத்தனை வீட்டுப் படியிலும் கன்னங்கரேலென்று ஆயில் படிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றதைப் பார்த்து நைனா கொல்லைப்பக்கம் ஓடிவிட்டார்.

வழி சொன்னது அம்மா. மீன் குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயைக் காட்டி, "எண்ண மேல கீது. நீ மேலயே ஓட்ட போட்டா அதுதான்யா மொதல்ல போவும். கீழ வையி" என்றார். நைனா சிமெண்டுத் தொட்டி மூன்று கட்டினார். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, அடித்தண்ணீர் மட்டும் ஏறிப் போகும்படி வளைந்த பைப். சேறு அடியில் தங்கும், ஆயில் மேலே நிற்கும். அதை முறத்தளவு தகரத்தால் வழித்து டிரம்மில் சேர்ப்பார். அதே மாதிரி வளைந்த பைப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையிலிருந்த மற்ற ஷெட்டுகளுக்கும் போனார். சிலர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள், சிலர் கிண்டல் செய்தார்கள். சிலர் மட்டும் தொட்டி கட்டினார்கள்.

அதற்கு அடுத்த ஆயுத பூஜை. முந்தின நாள் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, மதியமே மழை பிடித்துக்கொண்டது. தொட்டிகள் தளும்பின. இனி ஒரு லாரி கழுவினாலும் ஆயில் தாண்டிவிடும். வருஷத்திலேயே பெரிய வியாபார நாள் அது. நைனா மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"தண்ணி இல்லியா? இன்னா நைனா, கழுவாத வண்டிக்குப் பூஜ போட்டா சாமி கோச்சிக்காது?" என்றார் ஒரு டிரைவர்.

"சாமி கோச்சிக்காது. என் மச்சான் கோச்சிப்பாரு."

பாதி லாரிகள் திட்டிவிட்டு வேறு இடம் தேடிப் போயின. மீதி வண்டிகளை மரத்தூள் தூவி, வேஸ்ட் துணியால் வீட்டில் எல்லாரும் சேர்ந்து துடைத்தோம். கிரீஸ் நகத்துக்குள் போய் ஒரு வாரம் கஷ்டப்பட்டேன். துடைத்த வண்டிக்கே சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் துடை, பிறகுதான் தண்ணீர் என்பது அன்றிலிருந்து ஷெட்டின் சட்டமானது.

மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில் வாசலில் சைக்கிள் மணி. மாமா! பையை அம்மாவிடம் நீட்டி, "மோந்து பாரு" என்றார். அம்மா முகர்ந்தார், உள்ளே ஓடினார். குழம்பு கொதித்து இறங்கியதும் நைனாவுக்குத் தட்டு வைத்தார். எல்லாரும் நைனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றார். விழுங்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"உப்பு கம்மி" என்றார்.

மாமா சிரித்த சிரிப்பில் அம்மா அழுதேவிட்டார்.

நைனா ஆற்றைக் காப்பாற்றினார் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து என்னை அடிப்பார். ஆறு இன்னும் பாழாய்த்தான் கிடக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் வருகிறது, ஃபேக்டரிக் கழிவும் வருகிறது. மாமாவின் வலையில் இறால் வராத நாளே இப்போது அதிகம். தன் ஷெட்டிலிருந்து போனதை மட்டும் நைனா நிறுத்தினார். அதுவே அவர் வாழ்நாளில் பாதியைத் தின்றது. கடைசியில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், மழை பெய்தால் தம்பியைக் கூப்பிட்டு, மேல் ஆயிலை வழித்தாயா என்றுதான் கேட்டார்.

நைனாவைக் கூச்சப்படாமல் தூக்கித் துடைத்துக் கவனித்த நர்ஸ் அம்மாவுக்கும், இறுதிப் பயணத்தில் வண்டிகளை ஓரம் கட்டி இறங்கி நின்ற டிரைவர் அண்ணன்மாருக்கும், தொட்டி கட்டிய ஷெட்டுக்காரர்களுக்கும், துடைப்பத்தைக் கீழே போட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நைனாவை வழியனுப்பிய அன்று எங்களை விடச் சத்தமாக அழுத மாமாவுக்கு நன்றி சொன்னால் அவர் திட்டுவார். சொல்லவில்லை.

நினைவு நாளன்று நைனாவின் படத்துக்கு முன் இறால் குழம்பு வைத்துப் படைக்கப் போகிறோம். இறால் மாமா கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், வலையில் எப்படியாவது விழ வேண்டும். படையலுக்கு வைக்கும் குழம்பை ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பு எப்படி இருக்குமோ என்று அம்மா இப்போதே கவலைப்படுகிறார். கம்மியாகவே போடும்மா என்று சொல்லியிருக்கிறேன்.