கயிற்றின் மறுநுனி

எங்கள் தீவுகளில் மலை கிடையாது. இறுப்பிட்டிக்காரிக்கு உயரம் என்றால் பனைமரம்தான். அப்படிப்பட்டவள் நிலவியல் படிக்கப் போய், இந்தோனேசியாவில் ஓர் எரிமலையின் அடிவாரத்தில் அளவுகோலும் கையுமாக நின்றேன் என்பதை அம்மா இன்னும் முழுதாக நம்பவில்லை.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மலை குமுறத் தொடங்கியதும் அடிவாரத்துக் கிராமத்தில் இருந்த எல்லோரையும் வெளியேற்றி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு மணித்தியாலம் அனுமதி. வீடு வீடாகப் போய், தட்டையான இடங்களில் படிந்த சாம்பலின் தடிப்பை அளந்து, கொஞ்சம் பையில் எடுத்து வரவேண்டும். என்னோடு அந்த நாட்டு மாணவி ஒருத்தி வந்தாள். ஊர் முகப்பில் சாரதி ஜீப்பை நிறுத்தாமல் இயங்கவிட்டபடியே காத்திருந்தார்.

ஊருக்குள் நிறமே இல்லை. கொடியில் காய்ந்த சட்டைகள், வாசலில் கிடந்த செருப்புகள், வாழையிலைகள் எல்லாம் ஒரே சாம்பல். நாய் இல்லை, குருவி இல்லை, எங்கள் காலடிச் சத்தமும் கேட்கவில்லை. ஒரு வீட்டு மேசையில் யாரோ பாதியில் விட்டுப்போன சோற்றுக் கோப்பை இருந்தது. அதற்குள் மூன்று மில்லிமீற்றர் சாம்பல். குறித்துக்கொண்டேன். உடனே வெளியே வந்துவிட்டேன். ஊர் அந்நியமாக இருந்ததால் அல்ல, ஏற்கனவே பார்த்த ஊர் மாதிரி இருந்ததால்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா என்னை முதன்முதலாகத் தன் ஊரான இறுப்பிட்டிக்குக் கூட்டிப் போனா. சண்டைக் காலத்தில் ஊரே வள்ளமேறியபோது அம்மா குமர்ப்பிள்ளை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா மட்டும் நின்றுவிட்டா. மாடு கன்று போடுகிற நிலையில் இருந்தது. "நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்றாவாம். அதற்குப் பிறகு அவவைக் கண்டவர்கள் இல்லை.

வீட்டில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, வாசல் படலையிருந்த இடத்தில் ஒற்றைக் கட்டை. அம்மா அந்தக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று, "அக்கா! அக்கோய்!" என்று கூப்பிட்டா.

"ஆரைக் கூப்பிடுறியள் அம்மா?"

"கூப்பிடாமல் சும்மா நுழையிறதே?"

கொல்லைப் பூவரசில் ஒரு நைலோன் கயிறு கட்டியிருந்தது. மரம் பருத்து, கயிற்றுச் சுற்று பட்டைக்குள் புதைந்திருந்தது. மறுநுனி மண்ணில் கிடந்தது. "அறுந்துபோச்சு. மாடு இழுத்தறுத்திருக்கும்" என்றா அம்மா. நான் நுனியை எடுத்துப் பார்த்தேன். நைலோன் பிரியாமலிருக்க நெருப்பில் வாட்டி உருக்குவார்களே, அந்த உருண்டை அப்படியே இருந்தது.

"அறேல்லை அம்மா. வாட்டின நுனி கிடக்கு, பாருங்கோ."

"வாயைப் பொத்து" என்றா. அப்படி என்னை அவ ஒருநாளும் ஏசியதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்வரை நான் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ, சாம்பல் ஊரிலும் ஒவ்வொரு வாசலிலும் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். கூட வந்தவள் முதல் இரண்டு வீடுகளில் சிரித்தாள். மூன்றாவதில், பாவம், அவளும் என்னோடு நின்றாள்.

ஐந்தாவது வீட்டிலிருந்து பதில் வந்தது.

ஒரு பெண்ணின் குரல், மெதுவாக, ஒரேயொரு சத்தம். வாசல்படிச் சாம்பலில் ஒரு காலடிகூட இல்லை. உள்ளே போனவரும் இல்லை, வெளியே வந்தவரும் இல்லை. எங்கே நிற்கிறேன் என்பது மறந்து, "பெரியம்மா?" என்று வாய்க்குள் சொல்லிவிட்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் சொன்னேன்.

அவர் பின்வாசலைப் பாவித்திருக்கிறார், அவ்வளவுதான். வந்து நின்றபோது தலை, இமை எல்லாம் சாம்பல். ஐம்பது வயதிருக்கும். கொட்டிலில் வயிறு தள்ளிய மாடொன்று நின்றது. மாணவி மொழிபெயர்த்தாள்: இரண்டு மூன்று நாளில் கன்று போட்டுவிடும், பிறகு தானே முகாமுக்கு வந்துவிடுவாராம், யாரிடமும் சொல்லவேண்டாமாம். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாமல் போவோம்" என்றாள் மாணவி. அவளுடைய ஊர், அவளுடைய மொழி. நான் யார் நடுவில்? ஆனால் 'பின்னால் வருகிறேன்' என்கிற கதையை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். கையை உருவிக்கொண்டு ஓடிப்போய்ச் சாரதியிடம் சொன்னேன்.

மீட்புப் பணியாளர் இருவர் வந்தார்கள். அவர் அழுது பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் தானே கொட்டிலுக்குப் போனார். கயிற்றைக் கம்பத்தில் அவிழ்க்கவில்லை. மாட்டின் கழுத்தில் அவிழ்த்து, நுனியைக் கீழே போட்டுவிட்டு, மாட்டை வெளியே தட்டிவிட்டார். வேறிடம் கொண்டுபோய்க் கட்டுகிறவர்கள் கம்பத்தில் அவிழ்ப்பார்கள். எங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்று விடுகிறவர்கள் கழுத்தில் அவிழ்ப்பார்கள். ஜீப்பில் அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

மலை அதற்குப் பிறகும் சும்மா புகைந்துகொண்டுதான் இருந்தது. மாடு என்னவானது என்று தெரியாது. அந்தப் பெண் எனக்குச் சாபம் போட்டிருந்தால் அதில் நியாயம் உண்டு.

அன்று பின்னேரமே அம்மாவுக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நல்லது செய்தாய், பிள்ளை" என்றா. "உன்ர பெரியம்மாவையும் ஆரும் இப்பிடிக் காட்டிக் குடுத்திருக்கலாம்." பிறகு கேட்டா, "மாடு?"

"அவிட்டு விட்டிட்டா. கழுத்திலை அவிட்டவ. கயிறு கம்பத்திலையே கிடக்கு."

சொல்லி முடிக்கும்போதுதான் பூவரசமரம் என் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு அது முதலே வந்திருக்கவேண்டும்.

"அண்டைக்கு வள்ளக்காரர் கேட்டவர், 'தங்கச்சி, உன்ர அக்கா வருவாவோ? இன்னும் கொஞ்சம் நிக்கட்டோ?' எண்டு. நான்தான் சொன்னனான், அவ மாட்டை விட்டிட்டு வரமாட்டா, நீங்கள் வள்ளத்தை எடுங்கோ எண்டு. எனக்குப் பயம், பிள்ளை. செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது."

வாட்டின நுனி அறுந்த நுனியல்ல; பெரியம்மாவும் மாட்டைக் கழுத்தில் அவிழ்த்து விட்டுவிட்டுக் கரைக்கு ஓடியிருக்கவேண்டும்.

"எங்கட வீட்டுக் கயித்தை நீயும் பாத்தனி. கையிலை எடுத்துப் பாத்தனி. அது அறுந்ததுதானே?"

சாம்பலை மில்லிமீற்றர் கணக்கில் அளந்த கை ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகங்களுக்குள் இன்னும் சாம்பல் இருந்தது.

"ஓம் அம்மா" என்றேன். "அறுந்ததுதான்."