மண் அறிக்கையில் விட்டுப்போன வரி

மண் பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் அவளை மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக மண்ணைச் சலித்து, தண்ணீரில் கலக்கி, கார அளவு பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. "கையக் கழுவிட்டு உள்ள வா, பாதி வயலு உன் நகத்துலதான் இருக்கு" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஒருநாள் ஒரு விவசாயி வந்து நின்றார். கையில் போன வருடம் அவள் கொடுத்த அறிக்கை.

"நீங்க எழுதின மாதிரியே ஜிப்சம் போட்டேம்மா. ஒரு மூட்டை குறைக்கல. பயிரு ஒரு சாண் வந்து கருகிருச்சு. சண்டைக்கு வரல. எங்க தப்புன்னு தெரிஞ்சா போதும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிவேட்டைப் புரட்டினாள். கார அளவு ஒன்பதே முக்கால். மண்ணோடு ஒட்டிய சோடியமோ எக்கச்சக்கம். மேலே உப்புப் பூத்த வெறும் உவர் இல்லை, சோடியம் பிடித்து இறுகிய அசல் களர் மண். ஜிப்சம் அளவிலும் பிசகில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு அவர் வயலுக்கே போனாள். மழை விட்டு நாலு நாளாகியும் தண்ணீர் கருப்பாகத் தேங்கி நின்றது. சுற்றிலும் வரப்பு, ஒரு மடைகூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. ஜிப்சத்தின் கால்சியம், மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நகர்ந்த சோடியம் தண்ணீரோடு வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் உப்பாக அங்கேயே கிடந்து வேரைச் சுடும். வடிகால் வெட்டும்படி அவள் எழுதவே இல்லை. தனியாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாத அளவுக்கு அவளுக்கு அது பழகிய விஷயம்.

"தப்பு என்னோடதுதாங்க. தண்ணி வடிய வாய்க்கால் வெட்டணும்னு எழுதாம விட்டுட்டேன்" என்றாள்.

அவர் மடையில்லாத வரப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். "மண்ணே செத்துப்போச்சோன்னு பயந்துட்டேன். வாய்க்கால்தானே, வெட்டிக்கலாம்."

வெட்டினார். மறுபடி ஜிப்சம் தூவி, தண்ணீரைக் கட்டி, மூன்று முறை வடித்தார். அடுத்த போகத்தில் முக்கால் வயல் பச்சை பிடித்தது. பள்ளத்து மூலை மட்டும் இன்னும் முரண்டு பிடித்தது.

"அந்த மனுஷன் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, ஊரெல்லாம் என்னைத் திட்டியிருக்கலாம். தேடி வந்து கேட்டாரே" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

பிறகு பழைய பதிவேடுகளை எடுத்து, களர் மண்காரர்கள் நாற்பத்தொரு பேருக்கும் போன் செய்தாள். முப்பத்தைந்து பேர் ஏற்கெனவே வடிகால் வெட்டியிருந்தார்கள். ஆறு பேர் வெட்டவில்லை. அவர்களில் ஒரு பெண், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருங்கம்மா, பேனா எடுத்துட்டு வரேன்" என்றாள்.