சாமந்தி ஏறிய கப்பல்

இந்தப் புத்தாண்டுக்குப் பேரன் எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கிக் கொடுத்தான். ஜிகினா தூவிய ரோஜாப்பூ. பிரித்துப் பார்த்த கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டேன். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பூசை முடிந்ததும், "என்னாங்க, தெருக்கூத்துல வேஷம் கட்டிட்டு நேரா இங்க வந்துட்டீங்களா?" என்று கேட்டேவிட்டாள். கன்னமெல்லாம் மினுமினுப்பு.

வீட்டுக்கு வந்து அந்த அட்டையை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பழைய பழக்கம், விட மாட்டேன் என்கிறது. ஒரு வாசனையும் இல்லை. எங்கள் காலத்து அட்டைகளுக்கு இரண்டு வாசனை உண்டு. ஒன்று வர்ணத்தில் கலக்கும் வேலம்பிசின். இன்னொன்று மீன் குழம்பு. சிரிக்காதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, கன்னியர் மடத்தின் பின்கட்டில் ஒரு கூடம் இருந்தது. அங்கே நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து வாழ்த்து அட்டைகளில் பூ வரைவோம். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வாங்கிப் பிரான்சுக்கு அனுப்புவார்கள். நம்மவர்கள் வாங்கி வியட்நாமின் சைகோனில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள். கூடத்தை நடத்தியவர் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ. எங்களுக்கு 'மாசேர்'. ஊரில் எல்லாக் கன்னியாஸ்திரீயும் மாசேர்தான்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு ரோஜா வரைந்தேன். மாசேர் அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "முட்டைக்கோசு நல்லா இருக்கு, மகளே" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பூவேலை கிடையாது. பூவுக்குக் கீழே 'பொன் அன்னே' என்று பிரெஞ்சில் புத்தாண்டு வாழ்த்தை வளைத்து வளைத்து எழுதுவதும் ஓரத்துக்குத் தங்கப் பூச்சு பூசுவதும்தான் என் வேலை. கையெழுத்து என்னமோ முத்து முத்தாக வரும். கடவுள் ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பதில்லை.

மாசேருக்குப் பூ என்றால் வெறும் பூ இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு உண்டு. வயலட் என்றால் அடக்கம். சிவப்பு ரோஜா நிச்சயமான பெண் மட்டும்தான் அனுப்பலாம். மஞ்சள் ரோஜா போனால் சந்தேகம் வந்துவிடும். மணி மணியாகத் தொங்கும் 'மியூகே' என்ற பூ அதிர்ஷ்டம் கொண்டுவரும். அந்த மியூகேயை எங்களில் ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை. மாதிரி அட்டையைப் பார்த்துப் பார்த்து ஆயிரக்கணக்கில் வரைந்தோம். அது நெல்லிக்காய் அளவா கத்தரிக்காய் அளவா என்பதில் கூடத்தில் இரண்டு கட்சி இருந்தது.

எங்கள் பூக்களுக்குக் கதை சொல்ல மடத்துக்கு மீன் கொண்டுவரும் செங்கேணி இருந்தாள். வீராம்பட்டினத்துக்காரி. கூடையை இறக்கிவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தாழம்பூ சிவன்கிட்டப் பொய்ச்சாட்சி சொன்னதாம், அதனால் அவருக்கு ஆகாதாம். வீட்டில் எருக்கு முளைத்தால் குடி விளங்காதாம், ஆனால் பிள்ளையாருக்கு அதுதான் மாலையாம். "எங்க ஊரு ஆத்தா பேரே செங்கழுநீரும்மா. பூவு பேருதான் சாமி பேரு. ஒங்க மாசேரு சீமையில அப்பிடி ஒரு சாமி உண்டா, கேளு" என்பாள். நான் மாசேரிடம் கேட்கவில்லை. வேலை முக்கியம்.

இனி குழம்புக்கு வருகிறேன். மழை மாதத்தில் கடல் காற்றின் ஈரத்துக்கு வர்ணம் காயவே காயாது. ஆகவே அட்டைகளை மடத்து அடுப்பங்கரையில் கொடி கட்டித் தொங்கவிடுவோம். கீழே செங்கேணியின் வஞ்சிரம் கொதிக்கும். மேலே பாரீசுக்குப் போகவேண்டிய வயலட் பூ காயும். மாசேருக்குத் தாளிப்பு வாசனை பட்டால் தும்மல் நிற்காது என்பதால் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அதனால்தான் செலினின் அட்டை அவர் கண்ணில் படவில்லை.

செலின் என் பக்கத்து நாற்காலிக்காரி. கூடத்திலேயே நல்ல கை அவளுடையது. இருபத்துநாலு வயது. அந்தக் காலத்தில் அது ஊர் பேசும் வயது. அப்பா இல்லை. சைகோனில் சுங்க இலாகாவில் வேலை பார்த்த லூர்துராஜுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். அவர் விடுமுறையில் வந்தபோது மாதா கோயில் வாசலில் இவளைப் பார்த்து, இவளும் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் முடிவு சொல்ல வேண்டியது அவருடைய அம்மா. அந்த அம்மாளும் சைகோனில்தான். கவுன் போட்டவர்கள், பிரெஞ்சில்தான் கோபித்துக்கொள்வார்கள் என்று கேள்வி. அவர்கள் கையில் இன்னும் இரண்டு பெண்களின் போட்டோவும் இருந்தது.

புத்தாண்டுக்குச் செலின் ஓர் அட்டை வரைந்தாள். மாதிரியைப் பார்க்காமல், தினமும் தலையில் வைத்துக்கொள்ளும் மஞ்சள் சாமந்தியை வரைந்தாள். இதழ் இதழாக, தொட்டால் உதிரும் போல இருந்தது. அதுவரை நாங்கள் வரைந்த அத்தனை சீமைப் பூவும் அதன் பக்கத்தில் காகிதமாய்த் தெரிந்தது. கீழே நான் வாழ்த்து எழுதினேன். கொடியில் காய்ந்தது. கப்பலேறியது.

மறுவாரம் அவள் இன்னொரு சாமந்தி வரைய உட்கார்ந்தபோது மாசேர் வந்து எட்டிப் பார்த்தார். "மோன் தியே! புது வருஷத்துக்கா இது? மகளே, எங்க ஊர்ல இது கல்லறைப் பூ. செத்தவங்களுக்கு மட்டும்தான்!"

செலின் தூரிகையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு போயிடுச்சி, மாசேர்" என்றாள்.

கல்லறைத் திருநாளுக்கு உப்பளம் கல்லறைக்கு நாங்களும்தான் சாமந்தி எடுத்துப் போவோம். ஆனால் வாங்கிய கூடையில் பாதி கல்லறைக்கு, மீதி தலைக்கு. ஒரே பூவை இரண்டுக்கும் வைத்துப் பழகிய எங்களுக்கு இது எப்படித் தோன்றும்? கல்யாணம் பேசி முடியாத பெண், மாப்பிள்ளைக்கு வருஷப் பிறப்பன்று சாவுப் பூ அனுப்பியிருக்கிறாள். அந்தக் கவுன் போட்ட அம்மாள் அட்டையைப் பிரிக்கும் காட்சியை நினைத்து நினைத்து, அன்று ஓர் அட்டையில் தங்கப் பூச்சை வாழ்த்தின் மேலேயே பூசிவிட்டேன்.

"அடுத்த கப்பல்ல மியூகே அட்டை ஒண்ணு அனுப்பி மன்னிப்புக் கேட்டுடு" என்றார் மாசேர். நானும் கெஞ்சினேன். செலின் தூரிகையைக் கழுவித் துடைத்தாள்.

"பார்த்தே இல்லாத பூவ வரைஞ்சி என்னான்னுடி மன்னிப்புக் கேக்குறது? எனக்குத் தெரிஞ்ச நல்ல பூவு அதுதான். தப்புன்னா அவரே சொல்லட்டும். சொன்னா அழுதுட்டுப் போறேன்."

சொன்னபடி முன்கூட்டியே கொஞ்சம் அழவும் செய்தாள், என் தோளில்.

ஜன்னலில் நின்ற செங்கேணிக்குக் கோபம் தாங்கவில்லை. "சாமந்தி இல்லாம எந்த நல்ல காரியம் நடக்குது? நீ சும்மா இரு தங்கச்சி, நான் ஆத்தாவுக்கு வேண்டிக்கிறேன்" என்றாள். நான் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். பொங்கல் போயிற்று. தூரத்தில் கப்பல் நங்கூரம் போடும்போதெல்லாம் கடலுக்குள் நீண்டிருந்த கப்பல் பாலத்துக்கு ஓடி, சலங்குப் படகில் தபால் மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். செலின் பாலத்துக் கம்பியைப் பிடித்த பிடியில் கையெல்லாம் துருவாகிவிடும்.

ஒருவழியாக லூர்துராஜின் கடிதம் வந்தது. கூடத்தில் எல்லாரும் கேட்க செலின் என்னைத்தான் படிக்கச் சொன்னாள்.

கப்பல் தாமதமாகி, அட்டை போய்ச் சேர்ந்தது அந்த ஊர்க்காரர்களின் வருஷப் பிறப்புச் சமயத்தில். அம்மா அட்டையைப் பார்த்து முகம் சுளித்தது உண்மை என்று எழுதியிருந்தார். ஆனால் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாள், அந்த ஊர்ப் பெண்மணி, தற்செயலாக அதைப் பார்த்துக் கைதட்டினாளாம். அம்மாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாளாம். தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, மஞ்சள் சாமந்தித் தொட்டி! அங்கே வருஷப் பிறப்புக்குச் சாமந்திதான் வாசலில் நிற்கவேண்டுமாம். ஆயுசு தரும் பூவாம். "எங்கள் வழக்கம் தெரிந்து அனுப்பியிருக்கிறாளே, இவளை விட்டுவிடாதே" என்றாளாம் வீட்டுக்காரம்மாள். அக்கம்பக்கம் வந்து பார்த்துப் புகழப் புகழ, அம்மாவும் தான் சொல்லித்தான் மருமகள் வரைந்தாள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 'மருமகள்' என்ற இடத்தில் செலின் என்னை மறுபடி படிக்கச் சொன்னாள்.

கடைசியில் ஒரு வரி: 'இந்த அட்டையை முகத்தருகே வைத்தால் நம் ஊர் வாசனை வருகிறது. எப்படி என்றுதான் தெரியவில்லை.'

கூடமே அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "அது என் வஞ்சிரந்தாம்மா!" என்று செங்கேணி போட்ட கூச்சலில் மாசேருக்குத் தும்மலே வந்துவிட்டது. கல்யாணம் முடித்துவைத்தது ஆத்தாவா அந்தோணியாரா என்ற வழக்கு எனக்கும் செங்கேணிக்கும் கடைசி வரை தீரவில்லை. மெழுகுவர்த்தியை மட்டும் இருவரும் சேர்ந்துபோய் ஏற்றினோம்.

செலின் சைகோன் போனாள். பிறகு பிரான்சு போனாள். அங்கே நவம்பர் மாதம் கடைக்குக் கடை சாமந்தித் தொட்டி வைத்திருப்பதையும், எல்லாரும் உம்மென்று தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போவதையும் பார்த்து அவளால் சிரிப்பை அடக்க முடியாதாம். ஒரு தொட்டியை வாங்கிப் புத்தாண்டு வரை காப்பாற்றி வாசலில் வைப்பாளாம். பக்கத்து வீட்டார் சிலுவை போட்டுக்கொள்வார்களாம். போன மழைக்காலத்தில் அவள் மகள் எழுதியதில் இதெல்லாம் தெரிந்தது. செலின் போய்விட்டாள் என்பதும் தெரிந்தது. மகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாளாம்: "எனக்கும் சாமந்தியே வைங்க. மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு மட்டும் வராதீங்க. அது என் கல்யாணப் பூ."

கூடம் இருந்த இடத்தில் இன்று ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. பழைய பாலம் புயலோடு போயிற்று. மாசேரும் செங்கேணியும் போய் எத்தனையோ காலம். இன்ன ஆளுக்கு இன்ன பூ என்று யாரும் யோசிப்பதில்லை, எல்லாருக்கும் ஜிகினா ரோஜாதான். பேரனைக் குறை சொல்லவில்லை, ஆசையாய்க் கொடுத்த பிள்ளை. அந்த அட்டையை அடுப்பங்கரைக் கொடியில் மாட்டிவைத்தேன். நேற்று மருமகள் வஞ்சிரம் வைத்தாள். இன்று காலை எடுத்து முகர்ந்தேன். வந்துவிட்டது, அதே வாசனை. "செலின், வாடி, வந்து மோந்து பாரு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.