ஆட்டுப்பட்டி மண்

அந்த மஞ்சள் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனை உதறினாலும் மூலையில் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், கோயமுத்தூரில் மண் பரிசோதனை ஆபீசில் நான் வேலை பார்த்தபோது, காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர் அதில்தான் மண் கொண்டுவந்தார். மனைவி போன பிறகு தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தவர். ஒரே மகன் கருமத்தம்பட்டிக்குத் தறி ஓட்டப் போய்விட்டான். "தென்னை வெச்சுப் பாளை விட்டுதுன்னா பையன் ஊட்டுக்கு வந்துருவானுங்க" என்றார். அறையெடுத்துத் தங்கியிருந்த எனக்கும் பேச ஆளில்லை. டீ ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. சோதித்துவிட்டு, 'நல்ல மண், தென்னை வைக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். எந்த இடத்தில் அள்ளியது, எத்தனை ஆழத்தில் என்று கேட்பது என் வேலை. பேச்சு சுவாரசியத்தில் கேட்காமல் விட்டேன்.

மூன்றாம் வருஷம் கடுதாசி வந்தது. போய்ப் பார்த்தால் கன்றெல்லாம் மஞ்சளித்து, குருத்து குறுகி நின்றன. ஒன்றைச் சுற்றித் தோண்டினோம். நட்ட குழிக்கு அடியில் முழங்கை ஆழத்திலேயே கடப்பாரை 'ணங்' என்றது. சுக்கான் பாறை. கீழே இறங்க வழியில்லாத வேர்கள் பாறைமேல் பக்கவாட்டில் ஓடி, வடியாமல் தேங்கிய தண்ணீரில் கறுத்து அழுகியிருந்தன. கன்று வாடுகிறதே என்று மனுஷன் இன்னும் இன்னும் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்.

அந்த மண்ணை எங்கே அள்ளினார் என்று அப்போதுதான் கேட்டேன். வேலியோரம் கையைக் காட்டினார். வருஷக்கணக்காக ஆட்டுப்பட்டி போட்டு, புழுக்கை மக்கிய இடம்.

"ஆபீசுக்குக் கொண்டாரதுங்க. ஆகாத மண்ணை அள்ளியாந்தா நல்லா இருக்குங்களா?"

விருந்தாளிக்குத் தலைவாழை இலை தேடுகிற ஊர். அவரை என்ன சொல்ல? தப்பு என்னுடையது என்றேன். "உடுங்க சார், ஒருவாய் சாப்புட்டுப் போலாம் வாங்க" என்றார். புறப்படும்போது அதே பையில் தட்டைப்பயறு கொடுத்தார். சொத்தை ஒன்றுகூட இல்லை, பொறுக்கி எடுத்திருந்தார். மகன் கடைசிவரை வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது நானும் தனியாள். டெல்லியிலிருந்து மகன் வாராவாரம் ஃபோன் செய்கிறான். காலையில் நடந்துவிட்டு வந்ததை, பக்கத்து வீட்டுக் குழந்தை பாடிக் காட்டியதைச் சொல்கிறேன். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் கழியும் நாட்களைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறேன். "அப்ப நல்லாத்தான் இருக்கீங்கப்பா" என்று ஃபோனை வைத்துவிடுகிறான்.

எந்த இடத்து மண் என்று அவனும் கேட்பதில்லை.