அகராதியக்காவும் ஒரு திடீர்க் காற்றும்

அகராதியக்கா மூக்குக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு 'கஸ்ட்' (gust) என்கிறார். தாள் ஆடுகிறது. மறுபடியும் 'கஸ்ட்'. "சொல்லும்போதே காத்தடிக்குது பாரு!" என்று எனக்கும் காட்டுகிறார். எந்த ஆங்கிலச் சொல்லையும் வாயில் போட்டு மென்று பார்க்காமல் அவர் தமிழில் பொருள் எழுதுவதில்லை.

அகராதி அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை அவருக்கு. எல்லோருக்கும் அவர் அகராதியக்கா. தொழிலால் வந்த பட்டம் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். "அகராதி புடிச்சவன்னு மாமியார் வச்ச பேரு. வேலை அப்புறந்தான் கெடச்சது," என்று அக்காவே திருத்துவார்.

அந்தக் 'கஸ்ட்' அவர் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது. திடீரென்று வீசி அடங்கும் காற்று என்பது அதன் பொருள். கடலோடிகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதே எழுத்துகளில் சுவை என்று பொருள்படும் பழஞ்சொல் ஒன்றும் உண்டு. அது லத்தீன் சரக்கு. அக்கா இரண்டு பதிவுகளாக எழுதியிருந்தார். அகராதியின் தலைமை ஆசிரியர் இரண்டாவதைப் பென்சிலால் அடித்துவிட்டு, காற்று வாசனையைக் கொண்டுவரும், வாசனையிலிருந்து சுவை வரும் என்று ஒரு வம்சாவளியைத் தாமாகவே ஜோடித்துவிட்டார்.

பதிப்பாளர் வந்திருந்த கூட்டத்தில் இது வெடித்தது. ஏசி அறை, சன்னல்கள் சாத்தியிருந்தன.

"ரெண்டும் அண்ணன் தம்பி இல்ல சார். ஒரே பேரு உள்ள அக்கம்பக்கத்துக்காரங்க. நீங்க சம்பந்தம் பேசி முடிச்சிட்டீங்க."

"வாயை மூடுங்க! இந்த 'ஜி' எழுத்தை நாளைக்கே வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். நீங்க வீட்டுக்குப் போகலாம்!" என்று தலைமை ஆசிரியர் மேசையில் ஓங்கி அடித்தார்.

அடித்த வேகத்தில் அவருடைய நாற்காலியிலிருந்து ஒரு காற்று பிரிந்தது. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு.

பதிப்பாளர் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். தலைமை ஆசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அகராதியக்கா சும்மா விடுவாரா? ஒரு வார்த்தை போதும், மனுஷன் ஓய்வுபெறும்வரை தலைநிமிர முடியாது.

"மன்னிச்சுக்குங்க, நாந்தான். காலைலேர்ந்து வயிறு சரியில்ல," என்றார் அக்கா.

"பரவால்லம்மா," என்று பதிப்பாளர் கைக்குட்டையைத் தேடினார்.

"விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா சார்?"

தலைமை ஆசிரியர் ரப்பரை எடுத்து, தாம் போட்ட கோட்டை அழிக்கத் தொடங்கினார்.

அக்கா எழுந்தார். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, லேசாக முனகியபடியே போய்ச் சன்னலைத் திறந்துவைத்தார்.