பிஜுவின் சிவப்புக் கோட்டு

என் பீரோவின் அடித்தட்டில், பழைய புடவைகளுக்குக் கீழே, ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு கிடக்கிறது. நாய்க்குப் போடுகிற கோட்டு. வயிற்றுப் பக்கம் கறுப்புப் பித்தான்கள், கழுத்தில் ஏதோ பிரெஞ்சுக் கடையின் துணிச்சீட்டு. புதுச்சேரி மார்கழிப் பனிக்கு மனிதர்களே காதில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு சமாளித்துவிடுவார்கள். அந்த ஊரில் நாய்க்குக் கம்பளி மாட்டிய புண்ணியவதி என் அத்தை, அப்பாவின் அக்கா. அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிஸ் பக்கம் வீடு. அங்கே குளிர் இறுகியதும் பேரப்பிள்ளைகளோடு இங்கே தங்கள் வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். பங்குனி வெயில் உறைத்ததும் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் இல்லாத மாதங்களில் முன்வீடு பூட்டிக் கிடக்கும். பின்கட்டில் நாங்கள் குடியிருந்து அதைப் பார்த்துக்கொள்வோம். வாடகை கிடையாது. அதனால் எங்களுக்கு வாயும் கிடையாது. "அக்கா சொன்னா சரிதான்" என்பதற்கு மேல் அப்பா பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு வருடம், பிள்ளைகள் விளையாட நாய்க்குட்டி வேண்டும் என்று அத்தை போனில் சொன்னாள். வைத்திக்குப்பத்தில் படகு நிழலில் கிடந்த செவலைக் குட்டியை அப்பா தூக்கி வந்தார். டிசம்பரில் கோட்டும் கையுமாக வந்து இறங்கிய அத்தை, அதற்கு பிஜு என்று பேர் வைத்தாள். பிரெஞ்சில் நகை என்று அர்த்தமாம். நகை நண்பகல் வெயிலில் கம்பளிக்குள் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டு திரிந்தது. நான் பித்தானைக் கழற்றப் போனால், "தொடாத, சளி புடிச்சிக்கும்" என்பாள்.

கோட்டைக்கூட மன்னித்துவிடலாம். அந்த நான்கு மாதமும் அவள் பிஜுவுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தன் கையைத் தவிர வேறு எவர் கையிலிருந்தும் அது தின்னக்கூடாது. அம்மாவைக் கூப்பிட்டு, கறித்துண்டை நீட்டச் சொல்வாள். பிஜு வாயைக் கொண்டுபோனால் சுருட்டிய பேப்பரால் மூக்கில் ஒரு போடு. "நோன்!" என்பாள், கூடாது என்று. பிறகு அதே துண்டைத் தான் வாங்கி நீட்டி, "மாஞ்ஜ்" என்பாள், சாப்பிடு என்று. சீக்கிரமே அம்மா தட்டோடு எதிரே நின்றாலும் பிஜு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. எச்சில் மட்டும் தரையில் சொட்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம் கைதட்டினார்கள்.

"வேணாம் அண்ணி, நீங்க போனப்புறம் நாங்கதானே சோறு போடணும்" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொல்லிப்பார்த்தாள்.

"கண்டவன் கையால தின்னா அது தெரு நாயி. இது வீட்டு நாயி" என்றாள் அத்தை.

எந்த வீடு? வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டு தொங்குகிற வீடு!

பங்குனி முடிவதற்குள் அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். பிஜு முன்வாசல் படியில் படுத்துக்கொண்டது. அம்மா எலும்புக் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தாள், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் வாங்கி வந்து அவித்து வைத்தாள். அது தட்டைப் பார்க்கும், எங்களைப் பார்க்கும், மூக்கைத் திருப்பிக்கொள்ளும். மூக்கில் வாங்கிய அடி அதற்கு மறக்கவில்லை. நாங்கள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், திருட வந்தது போலப் பதுங்கி வந்து நாலு வாய் அள்ளும். கதவு கிறீச்சிட்டால் போதும், விட்டுவிட்டு ஓடிவிடும். மிச்சத்தைக் காக்கைகள் தின்னும். போனில் சொன்னபோது அத்தை சிரித்தாள். "பாத்தியா, என்னா விசுவாசம்!" என்று மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கே கேட்டது.

சித்திரை வெயிலையும் ஆடிக் காற்றையும் அந்த அரை வயிற்றோடு எப்படியோ ஒப்பேற்றியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது காய்ச்சல் வந்துவிட்டது. பின்கட்டுக்குத் தூக்கி வந்து, வேறு வழியில்லாமல் அந்தக் கோட்டையே மாட்டினோம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ஒண்ணுமே இல்லியேம்மா. மாத்திரை உள்ள போயிட்டா பொழச்சிக்கும்" என்றார்.

மாத்திரை உள்ளே போகவேண்டுமே. வெல்லத்தில் பொதிந்து கொடுத்தோம், மீனுக்குள் வைத்துக் கொடுத்தோம். பல்லைக் கடித்துக்கொண்டது. கடைசியில் நான் அதன் காதருகே குனிந்து, "மாஞ்ஜ், பிஜு, மாஞ்ஜ்" என்று கெஞ்சினேன். ஒரு முறை வாலை ஆட்டியது. வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது செத்துப்போனது. ஈரக் கோட்டை நான்தான் கழற்றினேன். உள்ளே விலா எலும்புகள்தான் இருந்தன.

அத்தைக்குச் சொன்னோம். "அய்யோ பாவமே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சரி, டிசம்பர்ல வந்துடுவோம். வேற குட்டி பாத்து வையிங்க. பிஜுன்னே கூப்புடுங்க, புள்ளைங்களுக்கு அந்தப் பேரு பழகிப்போச்சு" என்றாள். போனை வைத்துவிட்டு நான் போட்ட கூச்சலில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

புதுக் குட்டி வந்தது. அதற்கும் பிஜு என்றே பேர். தினமும் சாயங்காலம் அதைத் தெருவில் நடத்திப்போனேன். இஸ்திரி வண்டிக்காரர் பொறை கொடுத்தார், மீன்காரம்மா மீன் தலை போட்டார், எதிர்வீட்டுப் பிள்ளைகள் இட்லி ஊட்டினார்கள். எவர் கை நீண்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய் வாங்கும்படி பழக்கினேன்.

டிசம்பரில் அத்தை வந்தாள். முதலில் கோட்டைக் கேட்டாள், நான் எடுத்துத் தரவில்லை. பிஸ்கட்டை அம்மா கையில் கொடுத்து நீட்டச் சொல்லிவிட்டு, பேப்பரைச் சுருட்டினாள். அவள் கையை ஓங்குவதற்குள் குட்டி பிஸ்கட்டைத் தின்று முடித்து, அம்மாவின் விரலை நக்கிவிட்டு, தெருவில் மீன்காரம்மாவின் குரல் கேட்டு வெளியே ஓடியது.

"தெரு நாயாக்கி வச்சிருக்கியேடி!"

"ஆமா அத்த. நீங்க போனப்புறம் தெருதான் அதுக்குச் சோறு போடப்போவுது" என்றேன்.

அத்தைக்கு எதிரே நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. எங்களைக் காலி பண்ணச் சொல்வாள் என்று அப்பா நடுங்கினார். அவள் சொல்லவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள அவளுக்கும் ஆள் வேண்டுமே. அந்தக் குட்டி பதினான்கு மழைக்காலம் இருந்தது.

அத்தைக்கு இப்போது தள்ளாமை, விமானம் ஏறுவதில்லை. அங்கே குளிர் ஆரம்பித்தால் எனக்குப் போன் செய்வாள். போன வாரம் பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, "அந்தச் செவப்புக் கோட்டு எங்கடி? நல்ல கம்பளியாச்சே, வீணாக்கிட்டியா?" என்றாள். என்னிடம்தான் இருக்கிறது, அது பிஜுவுடையது, யாருக்கும் தரமாட்டேன் என்றேன்.

"எந்தப் பிஜு?" என்று கேட்டாள்.